தோட்டத்திலும் ஓர் உழவாரப் பணி

(இளைஞர் வகுப்புப் பாடம்: வேலையிடப் பாதுகாப்பு)



சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டங்களில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்டோர் வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே குலை வெட்டும் அரிவாள், உளி, பாராங் கத்தி, மருந்து பம்பு எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். டிராக்டரின் முகப்பில் பெரிய பொட்டு, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டி முடிந்ததும் டிராக்டர் ஓர் அடி நகர்ந்து பழத்தை நசுக்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அப்புறம் பொரி, கடலை, சுண்டல்.

மறுநாள் காலை பெரட்டுக்கு வந்து பாருங்கள். பொட்டு வைத்த அதே அரிவாளை உறை இல்லாமல் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒருவர் போகிறார். அதே டிராக்டரின் மட்கார்டில் இரண்டு பேர் தொற்றிக்கொண்டு போகிறார்கள். அதே பம்பு ஒழுகுகிறது; முதுகு நனைய நனைய ஒருவர் மருந்து அடிக்கிறார். நேற்று கும்பிட்ட ஆயுதம் இன்று நம்மைக் காயப்படுத்தினால் குற்றம் யார் மேல்?

இந்த மாதப் பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். நம்மில் பலருக்கு அப்பாவோ மாமாவோ இன்னும் தோட்டத்தில் வேலை செய்கிறார். சிலருக்குச் சொந்தமாகவே நாலைந்து ஏக்கர் செம்பனை இருக்கிறது. சனி, ஞாயிறு என்றால் நாமே போய்க் குலை தூக்குகிறோம், உதிரிப் பழம் பொறுக்குகிறோம். ஆகவே இது பரீட்சைக்கான பாடம் இல்லை. வீட்டுக்கான பாடம்.

கலாச்சாரம் என்றால் என்ன?

1986இல் சோவியத் யூனியனில் செர்னோபில் அணு உலை வெடித்தது. அதை ஆராய்ந்த அனைத்துலக அணுசக்தி முகமையின் நிபுணர் குழுதான் 'பாதுகாப்புக் கலாச்சாரம்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. இயந்திரம் மட்டும் பழுது இல்லை, அங்கே வேலை செய்தவர்களின் பழக்கத்திலும் நினைப்பிலும் பழுது இருந்தது என்பது அதன் பொருள்.

அணு உலை வரைக்கும் போக வேண்டாம். நம் வீட்டையே எடுத்துக்கொள்வோம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். இதற்குச் சட்டம் இல்லை, அபராதம் இல்லை. மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். யாராவது செருப்போடு உள்ளே வந்தால் நமக்கே ஒரு மாதிரி இருக்கும். இதுதான் கலாச்சாரம். கையுறை போடாமல் மருந்துப் போத்தலைத் திறந்தால் நமக்கு அதே மாதிரி ஒரு கூச்சம் வர வேண்டும். அந்தக் கூச்சம் எப்போது வருகிறதோ, அப்போதுதான் நம் தோட்டத்தில் பாதுகாப்புக் கலாச்சாரம் வந்துவிட்டது என்று சொல்லலாம். சுவரில் ஒட்டிய போஸ்டரால் மட்டும் அது வராது.

விதி என்று நினைத்தவை

நம் முன்னோர்கள் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்த காலத்தில், ரப்பர் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொண்டுபோனது. காட்டுக் காற்று என்றார்கள், கெட்ட தண்ணீர் என்றார்கள், தலையெழுத்து என்றார்கள். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர், மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் இருப்பதைக் கண்டுபிடித்தார். 1901இல் கிள்ளானுக்கு வேலைக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், அந்த அறிவை இங்கே செயலில் காட்டினார். சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடியச் செய்தார். காய்ச்சல் குறைந்தது. பிறகு தோட்டங்களிலும் அந்த வேலை நடந்தது.

யோசித்துப் பாருங்கள். கால்வாய் வெட்டியதும் மாறிப்போகிற ஒன்றை எப்படித் தலையெழுத்து என்று சொல்வது? தடுக்கத் தெரியாதபோது விதி என்றோம், சரி. தடுக்கத் தெரிந்த பிறகும் விதி என்று சொன்னால் அது சோம்பேறித்தனத்துக்குப் பூசிய விபூதி.

என் அம்மாவின் நகங்கள்

என் அம்மா மருந்து அடிக்கும் கூட்டத்தில் பல வருடம் வேலை செய்தவர். எந்தத் தோட்டம் என்பது இங்கே முக்கியம் இல்லை. அந்தக் காலத்தில் எல்லாத் தோட்டத்திலும் ஏறக்குறைய இதே கதைதான்.

அம்மாவும் மற்றப் பெண்களும் முகத்தில் ஒரு பழைய துணியைக் கட்டிக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தத் துணியே மருந்தில் நனைந்துவிடும். அதைத்தான் அவர்கள் நாள் முழுக்கச் சுவாசித்தார்கள். பம்பின் முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதிச் சரிசெய்வார்கள். மருந்தைக் கலக்க ஒரு குச்சி இருந்தால் குச்சி, இல்லாவிட்டால் கை. அம்மாவின் விரல் நகங்கள் கறுத்து, வெடித்து, சில சமயம் உரிந்தே விழும். மூக்கில் இரத்தம் வரும். "சூடு ஒடம்பு, அதான்" என்பார். "பால் குடிச்சா மருந்து முறிஞ்சிடும்" என்று யாரோ சொன்னதை நம்பித் தினமும் ஒரு குவளை பால் குடிப்பார். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையை எங்கள் பள்ளிக்கூடச் சட்டையோடு சேர்த்து ஒரே வாளியில் ஊறப் போடுவார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம்.

பால் எந்த மருந்தையும் முறிக்காது. அம்மா கையில் இருந்த மருந்து பாராகுவாட். 1962 முதல் உலகச் சந்தையில் விற்கப்பட்ட களைக்கொல்லி அது. ஒரு வாய் அளவு உள்ளே போனாலே உயிரைக் குடித்துவிடும். நுரையீரலைத்தான் அதிகமாகப் பாதிக்கும். இன்றுவரை அதற்கு மாற்று மருந்து கிடையாது. நகம் கெடுவதும், மூக்கில் இரத்தம் வருவதும், தோல் வெந்துபோவதும் அந்த மருந்து அடித்தவர்களிடம் மருத்துவர்கள் பார்த்த அடையாளங்கள். அம்மாவுடையது சூட்டு உடம்பு இல்லை.

2002இல் ஐரின் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகனித்தா அமைப்பு, பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான ஆசிய பசிபிக் அமைப்போடு சேர்ந்து, தோட்டங்களில் மருந்து அடிக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. மறுபடியும் பல ஆண்டுக் காத்திருப்பு. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் மலேசியாவில் முழுத் தடை வந்தது. சுவிட்சர்லாந்து இதை 1989லேயே தடை செய்துவிட்டது. நடுவில் இருந்த 31 ஆண்டுகளும் நம் அம்மாக்களின் முதுகில் ஏறியிருந்தன.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேலே ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேல் அது தொடர்ந்தது. கீழே குடியிருந்த மக்கள் நோயில் விழுந்தார்கள். 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த மருந்தை நிறுத்தியது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தபோது இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். மருந்து பெயர் மாறும், ஊர் மாறும். பாதுகாப்பு இல்லாத முதுகு மட்டும் மாறுவதில்லை.

இன்றைய செம்பனைத் தோட்டத்தில் என்னென்ன ஆபத்து?

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வெட்டுக் கத்தி போய் அரிவாள் வந்தது. ஆபத்தும் உருவம் மாறியது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, மேலே இருந்து விழுவது. ஒரு குலை 10 முதல் 25 கிலோ வரை இருக்கும். வெட்டிய மட்டையும் முள்ளோடு விழும். வெட்டுகிறவர் குலைக்கு நேர் கீழே நிற்கக் கூடாது. உதிரிப் பழம் பொறுக்குகிறவர், மரத்தின் உயரத்தைவிட அதிகத் தூரத்தில் இருக்க வேண்டும். 'இதோ வெட்டப் போறேன்' என்று குரல் கொடுத்து, பதில் குரல் வந்த பிறகுதான் அரிவாளை இழுக்க வேண்டும்.

இரண்டாவது, மின்சாரக் கம்பி. உயரமான மரத்துக்கு அலுமினியக் கம்பம் பயன்படுத்துகிறோம். அது இலேசானது, ஆனால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். உயர் அழுத்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம். மிக அருகில் போனாலே மின்சாரம் தாவிவிடும். கம்பிப் பக்கத்து வரிசை மரங்களை முதலிலேயே அடையாளம் போட்டுவைக்க வேண்டும். அந்த வரிசையில் யாரும் தானாக வெட்டக் கூடாது. ஒருவருக்கு மின்சாரம் பாய்ந்துவிட்டால் ஓடிப் போய்த் தொடாதீர்கள். தொட்டால் இரண்டு உயிர் போகும். தூரத்தில் நின்று 999ஐ அழையுங்கள். மின்சார வாரியத்தின் 15454 எண்ணுக்கும் சொல்லுங்கள்.

மூன்றாவது, கண். மட்டை வெட்டும்போது தூசும் முள்ளும் நேராகக் கண்ணுக்குத்தான் வரும், ஏனென்றால் நாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்ற பழமொழியை நாம் சும்மா சொல்லிக்கொண்டிருக்கிறோம். இங்கே அது சொல்லுக்குச் சொல் உண்மை. ஒரு கண்ணாடி போட்டால் தீர்ந்தது.

நான்காவது, டிராக்டர். அது ஓட்டுநர் ஒருவருக்கு மட்டும் செய்யப்பட்டது. மட்கார்டும் பின்பெட்டியும் பயணிகள் உட்காரும் இடம் இல்லை. மேட்டில் மழைக்குப் பிறகு மண் வழுக்கும். டிராக்டர் புரண்டால் குதிக்க நேரம் இருக்காது.

ஐந்தாவது, கண்ணுக்குத் தெரியாதவை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காலில் இருக்கும் சின்னக் காயத்தின் வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். ரப்பர் சிலிப்பரோடு வேலைக்குப் போகக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். சிலிம் ரிவரிலேயே அரசாங்க மருத்துவமனை இருக்கிறது.

ஐந்து படிகள்

பாதுகாப்பு என்றதும் நம் ஆட்கள் கையுறை, கண்ணாடி, பூட்ஸ் என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அவை கடைசிப் படி. ஆபத்தைக் குறைக்க ஐந்து படிகள் உண்டு. மேலே உள்ளதுதான் பலம் கூடியது. களைக்கு மருந்து அடிப்பதையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

1. ஆபத்தையே நீக்குவது: இந்த இடத்தில் மருந்து அடித்தே ஆக வேண்டுமா? வீட்டோரமும் ஆற்றோரமும் என்றால் புல்வெட்டி போதாதா? புல்வெட்டிக்கும் கண்ணாடி, பூட்ஸ் வேண்டும் என்பது வேறு விஷயம்.

2. மாற்றுவது: அடித்தே ஆக வேண்டும் என்றால் விஷம் குறைந்த மருந்து எது? போத்தல் லேபிளின் கீழே வண்ணப் பட்டை இருக்கும். கறுப்பும் சிவப்பும் மிகக் கொடியவை. அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியில் வெள்ளை. வெள்ளைப் பட்டை என்பதால் குடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

3. கருவியைச் சரிசெய்வது: ஒழுகாத பம்பு, நல்ல முனை, கலக்குவதற்கு நீளமான கோல், பக்கத்திலேயே கழுவத் தண்ணீர்.

4. வேலை முறையை மாற்றுவது: காற்று நம்மைவிட்டு விலகிப் போகும் திசையில் அடிப்பது. வெயில் ஏறுவதற்கு முன் முடிப்பது. ஒருவரே தினமும் அடிக்காமல் முறை வைத்துச் செய்வது. தனியாக யாரையும் அனுப்பாமல் இருப்பது. கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் இந்த வேலையில் வைக்காமல் இருப்பது.

5. உடம்பில் போடுவது: கையுறை, பூட்ஸ், முகக் கவசம், கண்ணாடி, ஏப்ரன். பூட்ஸுக்கு வெளியே கால்சட்டை தொங்க வேண்டும். உள்ளே திணித்தால் வழிகிற மருந்து பூட்ஸுக்குள் போகும்.

நம் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2008இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதே வரிசையைத்தான் சொல்கிறது. ஆபத்தைக் கண்டுபிடி, அதன் அளவை எடைபோடு, பிறகு கட்டுப்படுத்து. முதல் நான்கு படியையும் விட்டுவிட்டு, 'மாஸ்க் குடுத்தேனே, அவன் போடலை' என்று தொழிலாளி மேல் பழி போடுவது நியாயம் இல்லை. அதே சமயம், கொடுத்த மாஸ்க்கை மரத்தில் மாட்டிவிட்டு வேலை செய்வதும் நியாயம் இல்லை.

மருந்தைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். சுவைநீர்ப் போத்தலிலோ மினரல் வாட்டர் போத்தலிலோ மருந்தை ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். குழந்தைக்கு அது குடிக்கிற தண்ணீர் என்றுதான் தோன்றும். காலியான மருந்துப் போத்தலை மூன்று முறை அலசி, ஓட்டை போட்டுவிட வேண்டும். வேறு எதற்கும் அது பயன்படக் கூடாது. யார் மேலாவது மருந்து பட்டால் சட்டையைக் கழற்றி, நிறையத் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் போத்தலையோ லேபிளையோ மறக்காமல் கொண்டு போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியாக வைத்தியம் செய்ய முடியும். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய விஷ மையம் இருக்கிறது. அதன் எண்ணைத் தேடி எழுதி ஸ்டோர் சுவரில் ஒட்டிவையுங்கள்.

சட்டம் நமக்குக் கொடுத்தது

1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தது. 26 பேர் இறந்தார்கள். அந்தத் துயரம் நாட்டை உலுக்கியது. 1994இல் வந்த தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்குப் பின்னால் அந்த உயிர்களும் இருக்கின்றன. விவசாயமும் அந்தச் சட்டத்துக்குள் முதலிலிருந்தே உண்டு.

2024 ஜூன் 1 முதல் சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. கடமையை மீறும் முதலாளிக்கு உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டாக இருந்தது, 500,000 ரிங்கிட் ஆனது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும். 40 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நினைக்கிற தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. என் அம்மா காலத்தில் இந்த ஒரு வரி இருந்திருந்தால்! இருந்திருந்தாலும் யாராவது அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். இன்று அந்த 'யாராவது' நாம்தான்.

சட்டம் தொழிலாளிக்கும் கடமை வைத்திருக்கிறது. கொடுத்த கவசத்தைப் போட வேண்டும், தன் பாதுகாப்பையும் பக்கத்தில் இருப்பவர் பாதுகாப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொக்சோவைப் பற்றியும் வீட்டில் பேசுங்கள். வேலையில் அடிபட்டால் மட்டும் இல்லை, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. மருத்துவ விடுப்பில் இருக்கும்போது தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை கிடைக்கும். சொந்தத் தோட்டம் வைத்திருப்பவர்களும் சுயதொழில் திட்டத்தில் சேரலாம். 'சின்ன அடிதானே' என்று பதியாமல் விட்டால், பிறகு அது பெரிதாகும்போது கையில் ஆதாரம் இருக்காது.

'எனக்கு ஒண்ணும் ஆகலையே'

வீட்டில் இதையெல்லாம் சொன்னால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

"டேய், முப்பது வருசமா அரிவாள் புடிக்கிறேன். நீ இப்ப வந்து எனக்குச் சொல்லித் தர்றியா?"

எதிர்த்துப் பேசாதீர்கள். அவர் அனுபவம் பெரிது. ஆனால் ஒன்று கேளுங்கள்: "அப்பா, இந்த முப்பது வருசத்துல மயிரிழையில தப்பிச்சது எத்தனை தடவை?" அப்போது பாருங்கள், கதை கதையாக வரும். மட்டை தோளை உரசிக்கொண்டு விழுந்தது, அரிவாள் கழன்று காலுக்குப் பக்கத்தில் குத்தி நின்றது, பாம்பு பூட்ஸில் கொத்திவிட்டுப் போனது. 1931இல் ஹைன்ரிச் என்ற அமெரிக்கர், ஒரு பெரிய காயத்துக்குப் பின்னால் 29 சின்னக் காயங்களும் காயமே இல்லாத 300 சம்பவங்களும் இருக்கின்றன என்று எழுதினார். அந்த எண்களைப் பிற்பாடு வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். ஆனாலும் அதில் ஓர் உண்மை நிற்கிறது: தப்பித்த ஒவ்வொரு சம்பவமும் ஒரு எச்சரிக்கை. அதைச் சிரிப்புக் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். 'ஏன் கழன்றது? அந்த அரிவாளை யார் கட்டினார்கள்?' என்று கேட்டால் அடுத்தவர் தப்பிப்பார்.

இன்னொரு பதிலும் வரும்: "சாமி பாத்துக்குவாரு." சாமி பார்த்துக்கொள்வார், சந்தேகம் இல்லை. கண்ணைக் கொடுத்தவர் அவர். அந்தக் கண்ணுக்குக் கண்ணாடி போடுகிற புத்தியையும் அவர்தான் கொடுத்தார். உடம்பையே கோயிலாகப் பார்க்கச் சொன்ன திருமூலர் வழி வந்தவர்கள் நாம். கோயில் கூரை ஒழுகினால் சும்மா விடுவோமா?

இப்போது மண்டோர் நாம்

கடைசியாக ஒரு கசப்பான விஷயம். இன்று குலை வெட்டுகிறவர்களிலும் மருந்து அடிக்கிறவர்களிலும் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள். நம் ஆட்கள் பலர் இப்போது மண்டோர், சூப்பர்வைசர், குத்தகைக்காரர், சின்னத் தோட்டத்துச் சொந்தக்காரர். நம் பிள்ளைகள் முன்னேறியது சந்தோஷம். ஆனால் அம்மாவை ஒழுகும் பம்போடு அனுப்பியவர்களைப் பற்றி வருத்தப்படும் நாம், இன்று யார் முதுகில் எந்தப் பம்பை ஏற்றி அனுப்புகிறோம்?

அவரும் கடன்பட்டுக் கடல் தாண்டி வந்தவர்தான். அவருக்கும் கேட்கப் பயம்தான். லேபிளைப் படிக்கத் தெரியாது, சட்டம் தெரியாது. 2019 முதல் அவருக்கும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டம் உண்டு என்பதுகூடத் தெரியாமல் இருக்கலாம். நம் பாட்டன் பாட்டி வந்த அதே வழியில் அவர் வருகிறார். அவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் நாம் கற்ற சமயம் தெரியும்.

திருநாவுக்கரசரை, நம் அப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் எப்போதும் உழவாரப் படை. கோயில் கோயிலாகப் போய்ப் புல்லையும் முள்ளையும் செதுக்கி வழியைச் சுத்தம் செய்தார். வழிபட வருகிற யாரோ ஒருவரின் காலில் முள் குத்தக் கூடாது என்ற கவலை அந்தத் தொண்டில் இருந்தது. அவர் பெயர் என்ன, ஊர் என்ன என்று கேட்டுவிட்டு முள்ளை எடுக்கவில்லை. நம் இயக்கத்திலும் உழவாரப் பணி என்று கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்கிறோம். தோட்டத்தில் ஒருவர் காலில் முள் குத்தாமல் பார்ப்பதும் அதே பணிதான்.

செய்ய வேண்டியவை

இந்த மாதத்துக்குள் ஒவ்வொருவரும் இவற்றைச் செய்துவிட்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள்.

• வீட்டில் அல்லது தோட்டத்து ஸ்டோரில் உள்ள மருந்துப் போத்தல்களைக் கையுறையோடு சோதியுங்கள். லேபிள் இல்லாதவை, தண்ணீர்ப் போத்தலில் இருப்பவை எத்தனை என்று எழுதுங்கள். பழைய பாராகுவாட் இருந்தால் நீங்களே ஊற்றாதீர்கள். விவசாயத் துறையிடம் கேளுங்கள்.

• அப்பாவிடமோ மாமாவிடமோ தப்பித்த கதை ஒன்றைக் கேட்டு எழுதுங்கள். அது எப்படி நடந்தது, ஐந்து படிகளில் எதைச் செய்திருந்தால் நடந்திருக்காது என்று கீழே எழுதுங்கள்.

• மின்கம்பிக்கு அருகில் இருக்கும் மரங்களுக்குச் சிவப்புச் சாயத்தில் அடையாளம் போடப் பெரியவர்களோடு பேசுங்கள்.

• வெளிநாட்டுத் தொழிலாளர் ஒருவருக்கு ஒரு லேபிளைப் படித்து விளக்குங்கள்.

• அடுத்த ஆயுத பூஜையில் பொட்டு வைப்பதற்கு முன் ஒவ்வொரு கருவியையும் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். பிடி ஆடுகிறதா, பம்பு ஒழுகுகிறதா, டிராக்டர் பிரேக் பிடிக்கிறதா? பழுதான கருவிக்குப் பொட்டு வேண்டாம். பழுது பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கலந்து பேச

1. 'விதி', 'அலட்சியம்' இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது?

2. மண்டோராக இருக்கும் உங்கள் அண்ணன், நேரம் இல்லை என்று சொல்லிக் கவசம் இல்லாமல் ஆட்களை அனுப்புகிறார். மரியாதை குறையாமல் அவரிடம் எப்படிப் பேசுவீர்கள்?

3. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை சட்டத்தில் இருந்தும் பலர் ஏன் வாய் திறப்பதில்லை? அந்தப் பயத்தைக் குறைக்க நம் கிளை என்ன செய்யலாம்?

அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. நகங்கள் மறுபடி வளர்ந்துவிட்டன, ஆனால் கொஞ்சம் கோணலாக. இந்தப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன எழுதுற?" என்று கேட்டார். படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அப்பவே யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒங்க சட்டையையாவது தனியா தொவச்சிருப்பேன்."

அந்த ஒரு வார்த்தையை இன்று யாருக்குச் சொல்ல வேண்டுமோ, போய்ச் சொல்லுங்கள்.